விறைக்காத கைக்குட்டை

காஸியூன் மலையடிவாரத்தில் இருந்த அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் உம்மு ராதிப் என்றுதான் கூப்பிட்டார்கள். ராதிப்பின் தாய் என்று அர்த்தம். ராதிப் அவள் பெற்ற பிள்ளை இல்லை. இரண்டாவது புருஷனுக்கு மூத்தாள் பெற்றவன். அவள் வயிற்றில் பிறந்தவன் பெயர் மாஜித். எங்கள் டமாஸ்கஸில் ஒருத்தியை மூத்த மகன் பெயரைச் சொல்லித்தான் அழைப்போம். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கும். அவளுடைய அட்டையில் இருந்த பெயர் சப்ரியா. உம்மு மாஜித் என்று அவளை யாரும் கூப்பிட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மாஜித்துக்கு நான்கு வயதானபோது அவன் தகப்பன் காய்ச்சலில் போனான். ஒரு வருஷம் கழித்து அண்ணன்மார் சப்ரியாவுக்கு வேறு இடம் பார்த்தார்கள். மாப்பிள்ளை பஸ் ஓட்டுபவர், மனைவியை இழந்தவர், குணத்தில் குறை சொல்ல முடியாது. மறுமணம் செய்துகொண்டு வேறு வீடு போகிறவள் பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது என்பது வழக்கம், சட்டமும் அதுவே. பிள்ளை தகப்பன் வழிக்குச் சேர்ந்தது. மீதான் பகுதியில் இருந்த அத்தை நஃபீஸா அவனை வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஒப்படைத்த அன்று பிள்ளைக்கு நல்ல சளி. வாசலில் நின்று தலைமுக்காட்டின் முனையால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டு சப்ரியா தெருவில் இறங்கினாள். "உம்மா!" என்று அவன் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கு அது தெரிய வழியில்லை. பின்னாளில் அத்தை அவனுக்குச் சொன்ன கதையில் அந்த ஒரு விஷயம் மட்டும் பொய் இல்லை: "உங்க உம்மா திரும்பிக்கூடப் பார்க்காம போனா."

புது வீட்டுக்குப் போய் முக்காட்டை அவிழ்த்தபோது முனை காய்ந்து அப்பளம் போல விறைத்திருந்தது. அதை அவள் நனைக்கவில்லை. மடித்து ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தாள். பிறகு அவளுக்குப் பிள்ளை எதுவும் பிறக்கவில்லை. வீட்டில் யாராவது மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள். வாசலில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ராதிப் சின்ன வயதில் அதைக் கண்டு பயந்திருக்கிறான்.

சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி வேலை. பதினேழு வருஷம். துணிகள் துவைக்கப் போகும் முன் பிரித்துப் போடுவதும் அவள் பொறுப்புதான். தலையில் அடிபட்டவர்களின் வார்டை நடத்திய ஸிஸ்டர் லோரிஸுக்கும் அவளுக்கும் ஒரே வயது. இருவரும் ஒரு வாளி அழுக்குத் துணியின் இரண்டு பக்கத்தில் நின்று சிகரெட் பிடிப்பவர்கள். லோரிஸ் ஒருமுறை ஒரு தலையணை உறையை விரித்துக் காட்டினாள். நடுவில் ரத்தம், அதைச் சுற்றி வெளிறிய ஈர வளையம்.

"இதைப் பாரு. மூக்குல இருந்து வந்தது. சளின்னா காய்ஞ்சதும் துணி மொடமொடன்னு ஆகும், உனக்கே தெரியும். இது காய்ஞ்சாலும் விறைக்காது. பச்சத் தண்ணி மாதிரி போயிடும்."

"அப்ப இது என்ன?"

"மூளையைச் சுத்தி இருக்கற தண்ணி. உள்ள உறை கிழிஞ்சா மூக்கு வழியா இறங்கும். இந்த மாதிரி எதாச்சும் கண்ணுல பட்டா வாளியில போடாத, என்னைக் கூப்பிடு. டாக்டருங்க நோயாளியைப் பார்ப்பாங்க, தலையணையைப் பார்க்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு சப்ரியா அப்படி மூன்று உறைகளைக் கண்டுபிடித்தாள். இரண்டு பேர் பிழைத்தார்கள். அவளை யாரும் பாராட்டவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

மாஜித் வளர்ந்து மின்வேலை செய்பவன் ஆனான். கல்யாணத்துக்கு அவளை அழைக்கவில்லை. ஆனால் கல்யாணமாகி ஆறு மாதத்தில் அவன் மனைவி ஹாலா ஒரு வியாழக்கிழமை சலவைக்கூடத்தின் பின்வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்து டீச்சர், வாய்த் துடுக்கு.

"நீங்கதான் எங்க மாமியாரா? போட்டோவுல பார்த்ததுக்கு இளைச்சுட்டீங்களே."

"போட்டோ இருக்கா?"

"பாதி. அத்தை கத்தரிச்சதுல உங்க கை மட்டும் தப்பிச்சு அவர் தோள்மேல இருக்கு. முழு போட்டோவைப் பக்கத்து வீட்டுக்காரங்க ஆல்பத்துல பார்த்தேன்."

சப்ரியா அவளிடம் கேட்டது ஒன்றுதான். அவன் சட்டைகள். இஸ்திரி போட்டுத் தருகிறேன், அவனுக்குச் சொல்ல வேண்டாம். அன்றிலிருந்து வியாழன்தோறும் ஒரு மூட்டை வந்து போயிற்று. கடையில் போடுவதாக மாஜித் நினைத்துக்கொண்டான். இரண்டு வருஷம் மகனை அவள் சட்டைகளாகவே அறிந்திருந்தாள். வலது முழங்கை சீக்கிரம் தேய்கிறது, இடது தோள் கொஞ்சம் தாழ்வு, ரமலானில் கழுத்துப்பட்டை தளர்கிறது. பிறர் பார்வைக்கு இது பைத்தியக்காரத்தனம். மனிதர்களை நாம் வேறு எப்படி அறிகிறோம் என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியவில்லை.

எண்பத்தாறாம் வருஷம், பிப்ரவரி. அந்த வியாழனன்று மூட்டையில் கைக்குட்டைகள் நிறைய இருந்தன. பதினொன்று. எல்லாம் அழுக்கு. சப்ரியா முதலாவதைக் கையில் எடுத்தபோது அவள் விரல்கள் ஏதோ ஒன்றை எதிர்பார்த்தன. அது இல்லை. துணி காய்ந்திருந்தது, ஆனாலும் துவைத்து மடித்தது போலத் துவண்டது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அப்படியே. ஒன்றில் காசளவு மங்கிய ரத்தக்கறை, அதைச் சுற்றி ஒரு வளையம்.

"சளியா அவனுக்கு?" என்றாள்.

"பத்து நாளா, மாமி. அதிசயமான சளி. ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுகுது. நிமிர்ந்து நின்னா நிக்குது. தொழுகையில நெத்தியைத் தரையில வச்சா குழாய் திறந்த மாதிரி கொட்டுது. தொழுகை விரிப்பையே ரெண்டு தடவை அலசிட்டேன். தொண்டையில இறங்கினா உப்புக் கரிக்குதாம்."

"எங்கயாவது விழுந்தானா?"

ஹாலா யோசித்தாள். "அதுக்கு முந்தின வாரம் மொட்டை மாடியில ஏரியல் கட்டும்போது ஏணி சறுக்கிச்சு. நெத்தியில நாலு தையல். மருந்துக்கடைக்காரர் போட்டுவிட்டார். அதுக்கும் இதுக்கும் என்ன?"

சப்ரியா கைக்குட்டையை மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவினாள். பிறகு சொன்னாள். சொல்லி முடிக்கும்போது ஹாலா உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்கே கூட்டிட்டு வா. கிழிசல் வழியா தண்ணி கீழ வருதுன்னா கிருமி மேல போகும். போச்சுன்னா கழுத்து விறைச்சுக்கும், அப்புறம்..."

"கேக்க மாட்டாரே. யார் சொன்னான்னு கேப்பாரு. என்ன சொல்றது?"

"இஸ்திரிக் கடைக்காரின்னு சொல்லு."

சப்ரியா வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள், வைத்தாள், தின்னவில்லை. குழாயை இறுக்கி மூடியிருந்தும் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்து வயதுக் குரல் ஒன்று வாசலில் மூக்கை உறிஞ்சியது.

மறுநாள் காலை ஹாலா தொலைபேசியில் பேசினாள். அவன் சிரித்தானாம். சளிக்கு ஆஸ்பத்திரியா, இஸ்திரிக் கடைக்காரி எப்போது டாக்டர் ஆனாள் என்றானாம். உடம்பு லேசாகச் சுடுகிறதாம்.

சப்ரியா அலமாரிக்கு மேலிருந்த டப்பாவை இறக்கினாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் நேரம், மீதானில் அந்த வாசலில் போய் நின்றாள். அத்தை நஃபீஸா போன வருஷம் இறந்துவிட்டிருந்தாள். கதவு மட்டும் அதே பச்சை.

திறந்தவன் அவளை யாரென்று கேட்கவில்லை. அவள் கைகளைப் பார்த்தான். பாதிப் படத்தில் தன் தோள்மேல் இருந்த கை.

"வழி தவறி வந்துட்டீங்களா?" என்றான்.

"இல்ல."

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு ஞாபகம் வந்திருக்கு. பரவாயில்ல, பஸ் லேட்டு போல."

டப்பாவைத் திறந்து முக்காட்டை எடுத்தாள். வெளுத்துப்போன நீலம். முனையை அவன் பக்கம் நீட்டினாள்.

"தொட்டுப் பாரு."

"என்ன இது?"

"உன் சளி. நான் போன அன்னிக்குத் துடைச்சது. இதைத் தொடு. அப்புறம் இதைத் தொடு." இன்னொரு கையில் ரத்த வளையம் விழுந்த கைக்குட்டை இருந்தது. "உனக்குச் சளி பிடிச்சா துணி எப்படிக் காயும்னு எனக்குத் தெரியும். இது உன் சளி இல்ல."

அவன் இரண்டையும் தொட்டான். விறைத்த முனையை விரல்களுக்கிடையில் வைத்து மடக்கிப் பார்த்தான். கேட்கவேண்டியது வேறு எதுவோ இருக்க, அவன் கேட்டது, "என் கைக்குட்டை உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

உள்ளே ஹாலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சட்டையோட வந்துச்சு," என்றாள் சப்ரியா. "ரெண்டு வருஷமா நான்தான் போடறேன். இனிமே போடலை. நீ ஆஸ்பத்திரிக்கு வா, அது போதும்."

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். செருப்பைத் தேடக் குனிந்தபோது மூக்கின் நுனியில் இருந்து தெளிந்த சொட்டு ஒன்று வாசற்கல்லில் விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டான்.

மருத்துவமனையில் பெயர் எழுதுபவர் கூட வந்தவர் யார் என்று கேட்டதற்கு ஹாலா முந்திக்கொண்டு "அவரோட உம்மா" என்றாள். அரைமணி கழித்து அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "உம்மு மாஜித்! உம்மு மாஜித் யாருங்க?" என்று கத்தினார். சப்ரியா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் முறை ஹாலா தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தாள். தள்ளுவண்டியில் படுத்திருந்த மாஜித் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதும் அவள் திரும்பவில்லை. அவன் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்தது. அந்தப் பெயர் அவளுக்கே பழக்கம் விட்டுப்போயிருந்தது.

டாக்டர் வாஸில் படங்களைப் பார்த்துவிட்டு மாலையில் வார்டுக்கு வந்தார். அவசரக்காரர், நின்றுகொண்டே பேசுபவர். கட்டிலின் கால்மாட்டில் சப்ரியாவும் ஹாலாவும் நின்றிருந்தார்கள்.

"பிரச்சினை எல்லாம் ஜாஃபியா உம்மாகிட்டதான்," என்றார்.

ஜாஃபியா என்றால் முகங்கொடுக்காதவள், ஈரம் வற்றியவள். பிள்ளையை விட்டுப் போனவளைத் தெருவில் அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். அத்தை நஃபீஸா அவளை அப்படித்தான் குறிப்பிடுவாள் என்று ஹாலா ஒருமுறை உளறியிருந்தாள். இது எப்படி டாக்டர் வரைக்கும் போயிற்று என்று சப்ரியா யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக யாராவது முகத்துக்கு நேரே சொல்லட்டும் என்று காத்திருந்தவள் போலத் தலையைக் குனிந்தாள்.

"ஆமாங்க டாக்டர். நான்தான்."

"என்னது நீங்கதான்?"

"ஜாஃபியா உம்மா. நான்தான். என்ன செய்யணும் சொல்லுங்க."

டாக்டர் ஹாலாவைப் பார்த்தார். ஹாலா தரையைப் பார்த்தாள். கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. மாஜித் சிரித்தான். வளர்ந்த மகன் சிரித்து சப்ரியா கேட்டது அதுதான் முதல் தடவை.

"டாக்டர், அவங்க சொல்றதும் தப்பில்ல," என்றான்.

"சிரிக்காத! தும்மாத, முக்காத, சிரிக்காத, எத்தனை தடவை சொல்றது!" டாக்டர் குரலை உயர்த்தினார். அதற்குள் சொட்டு வந்துவிட்டது. சப்ரியா ஒரு துணியை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

டாக்டர் பெருமூச்சு விட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததை லோரிஸ் பிற்பாடு வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேளுங்க அம்மா. நான் உங்களைச் சொல்லலை. மூளைக்கு மூணு உறை. வெளிய இருக்கறது தடிச்சது, கூடாரத் துணி மாதிரி, மண்டையோட்டுக்கு உள்பக்கம் ஒட்டிட்டு நிக்கும். அதுக்குப் பேரு ஜாஃபியா உம்மா. உள்ள இருக்கறது ஈர வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. மூளையில எத்தனை மடிப்பு இருக்கோ அத்தனைக்குள்ளயும் இறங்கி ஒட்டியிருக்கும். அது ஹனூன் உம்மா, இளகின தாய். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வலை, சிலந்தின்னு பேரு. அந்தச் சிலந்திக்கும் இளகின தாய்க்கும் இடையிலதான் தண்ணி."

"நடுவுல இருக்கற சிலந்தி எங்க அத்தை," என்றான் மாஜித் கூரையைப் பார்த்தபடி. "அல்லாஹ் அவளுக்கு இரங்கட்டும்."

"பேசாத. ஒன்றரைக் கிலோ மூளை அந்தத் தண்ணியில மிதக்கறப்ப ஒரு கோழி முட்டை கனம்தான். ஒரு நாளைக்கு அரை லிட்டர் புதுசா ஊறும், பழசு வடிஞ்சு ரத்தத்துல சேரும். இவனுக்கு மூக்குக்கு மேல எலும்பு விரிசல் விட்டு, அந்த இடத்துல வெளி உறை கிழிஞ்சிருக்கு. சிலந்தியும் கூடக் கிழிஞ்சிருக்கு. தொடையில இருந்து ஒரு சவ்வு எடுத்து ஒட்டுப் போடணும்."

ஒட்டுப் போடுவது சப்ரியாவுக்குப் புரிந்தது. "ஏன் அப்படிப் பேரு வச்சாங்க?" என்று கேட்டாள்.

"ஆயிரம் வருஷத்துக்கு முந்தினவங்க வச்சது. நான் வைக்கலை."

"அந்த வெளி உறைக்கு உள்ள இருக்கறதோட ஒட்டே கிடையாதா?"

"அது எலும்போட நிக்குது. அதோட இடம் அது. ஆனா அது கிழிஞ்சா இளகினவளால ஒரு சொட்டுத் தண்ணியைக்கூடப் பிடிச்சு வைக்க முடியாது."

இதை அவள் ஆறுதலாக எடுத்துக்கொண்டாள் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வைத்தியர்கள் போர்த்தி மூடுகிற எதையும் தாய் என்றார்கள். அன்பை நினைத்து வைத்தார்களா, வேலையை மட்டும் நினைத்து வைத்தார்களா, யாருக்கும் தெரியாது. உறை உறைதான். அவள் விட்டுப் போனது போனதுதான். ஆனால் டாக்டர் எழுந்து போன பிறகு மாஜித் அவளிடம் நேராகப் பேசினான்.

"அன்னிக்கு ஏன் திரும்பிப் பார்க்கலை?"

"பார்த்திருந்தா போயிருக்க மாட்டேன்."

"போகாம இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம்," என்றாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

கிருமி மூளை உறை வரை ஏறுவதற்குள் திங்களன்று தலையைத் திறந்து ஒட்டுப் போட்டார்கள். ஐந்து மணி நேரம். சப்ரியா அந்த ஐந்து மணி நேரமும் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அறுவை அறையின் பச்சைத் துணிகள். ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டே அடுக்கினாள். மூன்று வாரம் அவன் தலையை உயர்த்திப் படுத்திருந்தான். ஒவ்வொரு காலையும் தலையணை உறை அவளிடம் வந்தது. முதல் இரண்டு நாள் லேசான ரத்தம், வளையம் இல்லை. பிறகு வெறும் வியர்வை. அவள் வார்டுக்குப் போகவில்லை. அவன் கூப்பிடவில்லை. அவன் வீட்டுக்குப் போன அன்று ஹாலா மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"சட்டை எதுவும் அனுப்ப வேண்டாம்னுட்டார், மாமி."

"சரி," என்றாள் சப்ரியா. "கழுத்து விறைக்குதா?"

"இல்ல."

"மூக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப சரி."

வியாழக்கிழமைகள் வந்து போயின. பின்வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. தகர டப்பா காலி. முக்காடு மாஜித்தின் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தது, அவளும் கேட்கவில்லை. வாசலில் மூக்கை உறிஞ்சும் குரல் மட்டும் நிற்கவில்லை. அறுவை அதை ஒன்றும் செய்யவில்லை.

இலையுதிர் காலத்தில், பெரிய துவைக்கும் இயந்திரங்கள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், பின்வாசலில் இருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"உம்மு மாஜித்!"

பக்கத்து மேசைக்காரி அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சப்ரியா ஏற்கனவே திரும்பிவிட்டிருந்தாள்.

அவன் நெற்றியில் மயிர்க்கோட்டை ஒட்டி ஒரு தழும்பு. கையில் மூட்டை. அவளை உம்மா என்று அவன் கூப்பிடவில்லை. தெருவில் எந்த அயலானும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டான். ஆனால் அந்த அழைப்புக்குள் அவன் பெயர் இருந்தது.

"கடையில போட்டா கழுத்துப்பட்டை சரியில்ல," என்றான். "நீங்க போட்டாலும் கஞ்சி அதிகம். அறுக்குது."

"குறைக்கறேன்."

மூட்டையை வாங்கி மேசையில் வைத்தாள். சட்டைகளுக்கு அடியில் இரண்டு கைக்குட்டைகள் இருந்தன. அவள் கை அங்கேயே நின்றது.

"சளி," என்றான். "வெறும் சளி. ஹாலாவுக்கும் இருக்கு."

அவள் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். மொடமொடவென்று விறைத்திருந்தது. அவன் போன பிறகும் அதை உடனே நனைக்கவில்லை.